நாலு சில்லும் இழுக்கும்; நிறுத்துவது எது?

நவம்பர் பிறந்துவிட்டால் ஸ்காபரோவின் ரயர் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. வானிலை அறிக்கையில் முதல் ஸ்னோ பற்றிய செய்தி வந்த அன்றே தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். அங்கே கவுன்ரரில் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் உரையாடல் இது:

"அண்ணை, என்ர வாகனம் ஓல் வீல் டிறைவ். அதுக்கும் வின்ரர் ரயர் போடத்தான் வேணுமோ?"

"தம்பி, ஓல் வீல் உம்மை வெளிக்கிடப் பண்ணும். சிக்னலிலை நிப்பாட்டுறது ரயர்தான்."

"விக்கிற இடத்திலை அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே."

"அவையிட்டைக் கேட்டனீரோ?"

"கேக்கேல்லை."

அண்ணை சொன்ன அந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் பனிக்காலக் கார் ஓட்டத்தில் பாதி புரிந்த மாதிரி. ஆனால் நம் ஆட்களில் பலர் கூடுதல் பணம் கொடுத்து நாலு சில்லும் இழுக்கும் எஸ்யூவியை வாங்கிவிட்டு, அதோடு வந்த ஓல் சீசன் ரயரிலேயே பனிக்காலம் முழுவதும் ஓடுகிறார்கள். பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

கார் ரோட்டில் செய்யும் வேலைகள் மூன்று: வெளிக்கிடுவது, திரும்புவது, நிற்பது. மூன்றுக்கும் வேண்டிய விசை, ரயர் தரையைத் தொடும் நாலு இடங்களிலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். எஞ்சின் எத்தனை குதிரைவலு கொடுத்தாலும், பிறேக் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்த நாலு உள்ளங்கை இடத்தில் உராய்வு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுதான் காருக்குப் பயன்படும். பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வுக் குணகம் இங்கே நேரடியாக வேலைக்கு வருகிறது. காய்ந்த தார் ரோட்டில் அது சுமார் 0.8. இறுகிய பனியில் 0.2, 0.3 என்று விழுந்துவிடும். ஐஸில் 0.1, சில வேளைகளில் அதற்கும் கீழே.

முன்சில்லு இழுவைக்கும் நாலுசில்லு இழுவைக்கும் உள்ள வேறுபாடு, எஞ்சினின் விசை எத்தனை சில்லுகளுக்குப் போகிறது என்பது மட்டும்தான். ஆக்சிலேற்றரை மிதிக்கும்போதுதான் அந்த வேறுபாடு உயிர்பெறுகிறது. பிறேக்கோ எல்லாக் கார்களிலும் நாலு சில்லுக்கும் உண்டு. காலை எடுத்து பிறேக்கில் வைத்த அந்தக் கணத்திலிருந்து, நாற்பதாயிரம் டொலர் நாலுசில்லு எஸ்யூவியும் பக்கத்து வீட்டுப் பழைய கொரோலாவும் இயற்பியலின் முன்னால் ஒரே வகைக் கார்கள்தான். எஸ்யூவியின் கூடுதல் நிறையும் நிறுத்துவதற்கு உதவாது. நிறை கூடினால் உராய்வு விசை கூடும், ஆனால் நிறுத்த வேண்டிய சுமையும் அதே அளவில் கூடுகிறது. கணக்கில் நிறை இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போய்விடும்.

இதை எண்களில் பார்த்தால்தான் மனதில் பதியும். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் கார், பிறேக் பிடித்த பிறகு எவ்வளவு தூரத்தில் நிற்கும்? காய்ந்த ரோட்டில் சுமார் 12 மீற்றர். இறுகிய பனியில், உராய்வுக் குணகம் 0.3 ஆக இருந்தால் 33 மீற்றர். 0.2 ஆக இருந்தால் 49 மீற்றர். ஐஸில் 0.1 என்றால் 98 மீற்றர். அது ஏறக்குறைய ஒரு உதைபந்தாட்ட மைதானத்தின் நீளம். சாரதி ஆபத்தைக் கண்டு கால் வைப்பதற்குள் ஓடும் தூரம் இதில் சேரவில்லை.

அந்த 0.3, 0.2 என்ற இரண்டையும் கவனியுங்கள். ரயரின் தேய்மானத்தையும் பனியின் தன்மையையும் பொறுத்து இவை மாறும். ஆனாலும் அதே பனியில் நல்ல வின்ரர் ரயருக்கும் சாதாரண ஓல் சீசன் ரயருக்கும் இடையில் இருக்கக்கூடிய இடைவெளிக்கு இது ஒரு நியாயமான உதாரணம். இப்போது இரண்டு கார்களைப் பக்கம் பக்கமாக ஓடவிட்டு ஒரே நேரத்தில் பிறேக் பிடிப்போம். வின்ரர் ரயர் போட்ட முன்சில்லு இழுவைக் கார் 33ஆவது மீற்றரில் நின்றுவிட்டது. அதே 33ஆவது மீற்றரைத் தாண்டும்போது ஓல் சீசன் ரயர் போட்ட நாலுசில்லு எஸ்யூவியின் வேகம் என்ன? மணிக்கு 29 கிலோமீற்றர். அந்த இடத்தில் ஒரு நடைபாதைக் கடவையும் அதில் ஒரு பிள்ளையும் இருந்தால் என்னவாகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

இப்படிச் சொல்வதால் நாலுசில்லு இழுவை வெறும் விற்பனைத் தந்திரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிக்கிடுவதிலும் ஏறுவதிலும் அதற்கு ஈடில்லை; அதற்கும் கணக்கு இருக்கிறது.

முன்சில்லு இழுவைக் காரில் எஞ்சின், கியர்ப்பெட்டி எல்லாம் முன்பக்கம்தான். காரின் நிறையில் ஏறக்குறைய 60 வீதம் முன்சில்லுகளில் அழுத்தும். இழுக்கிற சில்லில் பாரம் இருப்பதால் பனியில் அது நன்றாகவே இழுக்கும். 1934இல் சிற்றோன் நிறுவனம் இந்த அமைப்பைப் பெருமளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பனி நாடான சுவீடனில் சாப் நிறுவனம் 1949இல் தன் முதல் காரையே முன்சில்லு இழுவையாகத்தான் செய்தது. 1959இல் மினி வந்த பிறகு சிறிய கார்களின் உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. அதற்கு முன்பு பின்சில்லு இழுவைக் கார் வைத்திருந்தவர்கள் பனிக்காலத்தில் டிக்கியில் மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு திரிந்தார்கள், பின்சில்லுக்குப் பாரம் வேண்டும் என்பதற்காக.

ஆனால் நிறையில் மிச்சம் 40 வீதம் பின்சில்லுகளில் சும்மா இருக்கிறது. அந்தச் சில்லுகளின் பிடிமானம் இழுவைக்குப் பயன்படுவதில்லை. ஏற்றத்தில் நிலைமை இன்னும் மோசம். கார் பின்பக்கம் சாய்வதால் முன்சில்லின் பாரம் குறைந்துவிடும். உராய்வுக் குணகம் 0.2 உள்ள பனியில், நாலு சில்லும் சரியாக இழுக்கும் கார் 20 வீதச் சரிவு வரை ஏறலாம். முன்சில்லு இழுவைக் கார் ஏறக்குறைய பதினொன்றரை வீதத்திலேயே சில்லுச் சுற்றி நின்றுவிடும். (அதே காரை ரிவேர்ஸில் ஏற்றினால் பாரம் இழுக்கும் சில்லுகளின் பக்கம் சாயும், பன்னிரண்டரை வீதம் வரை போகலாம். சரிவான டிறைவ்வேயில் பழைய ஆட்கள் பின்பக்கமாக ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பலன் சிறிதுதான், ஆனால் உண்மையானது.)

நாலுசில்லு இழுவை சாதாரணக் குடும்பக் காருக்குள் வந்த கதையே பனியில்தான் தொடங்குகிறது. ஜப்பானின் வடகிழக்கில் பனி கொட்டும் பிரதேசத்துக்கு மின்சாரம் வழங்கும் தோஹோகு மின்சார நிறுவனத்துக்கு, மலைப்பாதைகளில் பராமரிப்பு ஆட்களை ஏற்றிப் போக ஜீப்பைவிட வசதியான வாகனம் ஒன்று தேவைப்பட்டது. அதற்காகச் செய்த முயற்சியிலிருந்து 1972இல் சுபாரு லியோனி நாலுசில்லு எஸ்ரேற் கார் பிறந்தது. ஐரோப்பாவில் 1977 பனிக்காலத்தில் அவுடி நிறுவனப் பொறியியலாளர்கள் பின்லாந்தில் சோதனை ஓட்டம் செய்தபோது, இராணுவத்துக்காகச் செய்த இல்ற்ரிஸ் என்ற 75 குதிரைவலு வாகனம், அதைவிடப் பலமான முன்சில்லு இழுவைக் கார்களைப் பனியில் பின்னுக்கு விட்டது. யோர்க் பென்சிங்கர் என்ற பொறியியலாளர் அதைக் கண்டு, இதை ஏன் சாதாரணக் காரில் வைக்கக் கூடாது என்று கேட்டார். 1978 ஜனவரியில் அந்த யோசனையில் செய்த மாதிரிக் காரை ஒஸ்ரியாவின் ருராஹர் ஹோஹெ மலைக்கணவாய்க்குக் கொண்டுபோனார்கள். 23 வீதச் சரிவு, பனி மூடிய பாதை. கோடைகால ரயரில், சங்கிலிகூடக் கட்டாமல் ஏறிக் காட்டினார்கள். 1980இல் ஜெனீவா கண்காட்சியில் அவுடி குவாற்ரோ வெளிவந்தது.

கணக்கைப் பொருத்திப் பாருங்கள். 23 வீதச் சரிவு ஏற நாலுசில்லு இழுவைக்கு 0.23 குணகம் போதும். முன்சில்லு இழுவைக்கு ஏறக்குறைய 0.4 வேண்டும்; கோடைகால ரயருக்கு அது பனியில் கிடைக்கவே கிடைக்காது. எனவே அந்த மலையில் வென்றது நிச்சயமாக நாலுசில்லு இழுவைதான்.

ஆனால் சாகசத்தை வைத்து விளம்பரம் செய்யத் தொடங்கியபோது கதை கொஞ்சம் திசை மாறியது. 1986இல் பின்லாந்தின் கைப்போலாவில் பனிச்சறுக்குத் தாவு மேடை ஒன்றில் அவுடி 100 குவாற்ரோ கீழிருந்து மேலே ஏறும் விளம்பரம் உலகம் முழுவதும் ஓடியது. மேடையின் சரிவு 80 வீதம். அதை ஏற 0.8 குணகம் வேண்டும், அதாவது காய்ந்த தார் ரோட்டின் பிடிமானம் பனியில் வேண்டும். சாதாரண ரப்பர் எதுவும் பனியில் அதைத் தராது. 2005இல் இன்னொரு அவுடியை வைத்து அதே மேடையில் அந்தச் சாகசத்தைத் திரும்பச் செய்தபோது ஆணி அடித்த ரயர்தான் போட்டிருந்தார்கள். ஆணி பனிக்குள் இறங்கிப் பிடித்ததால்தான் அந்த ஏற்றம் சாத்தியமானது. பார்த்தவர்களின் மனதில் பதிந்ததோ குவாற்ரோ என்ற பெயர் மட்டும். பனிக்காலம் என்றால் நாலுசில்லு இழுவை என்று இன்றைக்கும் நம் வீட்டு வரவேற்பறைகளில் அடித்துச் சொல்கிறார்களே, அந்த நம்பிக்கைக்கு நீர் ஊற்றி வளர்த்ததில் இப்படியான படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்னொரு விடயம். இன்று நம்மவர்கள் வாங்கும் சிறிய, நடுத்தர எஸ்யூவிகளில் பெரும்பாலானவை எந்நேரமும் நாலு சில்லிலும் ஒரே அளவில் இழுப்பவை அல்ல. அடிப்படையில் அவை முன்சில்லு இழுவைக் கார்களே. பின்பக்கம் போகும் தண்டின் முடிவில் பல தட்டுகள் அடுக்கிய கிளச் ஒன்று இருக்கும். முன்சில்லு வழுக்குவதை உணரிகள் கண்டால், அல்லது வழுக்கப் போகிறது என்று கணினி கணித்தால், தட்டுகளை நெருக்கி விசையைப் பின்பக்கம் அனுப்பும். சுவீடனின் ஹால்டெக்ஸ் நிறுவனம் செய்த இந்த வகைக் கிளச் 1998இல் அவுடி ரிரி போன்ற கார்களில் வந்தது. பிறகு இதே கருத்து எங்கும் பரவியது. எரிபொருளைச் சேமிக்க இது நல்ல வழி. சுபாரு போல எப்போதும் நாலு சில்லுக்கும் விசை அனுப்பும் அமைப்புகளும் உண்டு. பிக்கப்களில் உள்ள 4x4 வேறு வகை. முன்பின் தண்டுகளை ஒன்றாகப் பூட்டிவிடுவதால் காய்ந்த ரோட்டில் அதைப் போட்டு ஓடினால் திருப்பங்களில் இறுகி, பாகங்கள் பழுதாகும். நாலுசில்லு இழுவை மின்கார்களில் பொதுவாக முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு மோட்டார்கள். நடுவில் தண்டே தேவையில்லை. மோட்டாரின் விசையைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் வழுக்கலைக் கட்டுப்படுத்துவதில் அவை எஞ்சின் கார்களை மிஞ்சுகின்றன. நோர்வேயில் 2024இல் விற்பனையான புதிய கார்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்கார்கள். அந்தக் குளிரில் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இவை அத்தனையும் இழுப்பதற்கான பொறியியல். இனித் திரும்புவதைப் பார்ப்போம்.

ஜேர்மன் பொறியியலாளர் வூனிபால்ட் காம் பெயரால் அழைக்கப்படும் ஒரு வட்டம் உண்டு. ஒரு ரயர் எந்தத் திசையிலும் தரக்கூடிய மொத்த விசைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைதான் வட்டம். இழுப்பது, பிறேக் பிடிப்பது, திரும்புவது எல்லாம் அதே வட்டத்துக்குள் பங்கு போடப்பட வேண்டும். பிறேக்குக்கு முழுவதையும் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. ஸ்ரியறிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் நேரே போகும். பனி செய்வது இந்த வட்டத்தைச் சுருக்குவதுதான். நாலு சில்லும் இழுப்பதால் வட்டம் பெருக்காது. 50 மீற்றர் ஆரையுள்ள வளைவொன்றை 0.2 குணகத்தில் மணிக்கு 35 கிலோமீற்றருக்கு மேல் எடுக்க முடியாது. 0.3 என்றால் 43 வரை எடுக்கலாம். எந்தச் சில்லு இழுக்கிறது என்ற கேள்வியே இந்தக் கணக்கில் வருவதில்லை.

முன்சில்லு இழுவைக் கார் வளைவில் எல்லையைத் தாண்டினால் மூக்கு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். அப்போது ஆக்சிலேற்றரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து, ஸ்ரியறிங்கை இன்னும் ஒடிக்காமல் சற்றே தளர்த்தினால், முன்சில்லுகள் மறுபடி பிடிக்கும். பயத்தில் நமக்கு இயல்பாக வருவதும் காலை எடுப்பதுதான் என்பதால் இந்த வகைக் கார் புதியவர்களை ஓரளவு மன்னிக்கும். 2011 செப்ரெம்பர் முதல் கனடாவுக்காகச் செய்யப்படும் எல்லாப் பயணிகள் கார்களிலும் நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டாயம். கார் சுழலத் தொடங்கினால் அது தானாகவே தனித்தனிச் சில்லுக்குப் பிறேக் பிடித்து நேராக்கப் பார்க்கும். அற்புதமான கண்டுபிடிப்பு. ஆனால் அதுவும் அதே வட்டத்துக்குள்தான் வேலை செய்தாக வேண்டும்.

நாலுசில்லு இழுவையைப் பற்றி நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான். முன்சில்லு இழுவைக் காரில் காலையில் வெளிக்கிடும்போதே ரோட்டின் நிலைமை உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரு முனையில் நிறுத்தி எடுக்கும்போது சில்லு கிர்ரென்று சுற்றும். டாஷ்போர்ட்டில், கார் ஒன்றுக்குப் பின்னால் வளைந்த இரண்டு கோடுகள் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஸ்ரியறிங் கைக்குள் இலேசாகும். இவையெல்லாம் ரோடு அனுப்பும் செய்தி: இன்றைக்கு உராய்வு குறைவு. சாரதி தானாகவே வேகத்தைக் குறைப்பார். நாலுசில்லு இழுவைக் காரில் அதே முனையில், அதே ஐஸில், எந்தச் சத்தமும் இல்லாமல் கார் கிளம்பிவிடும். விளக்கு மின்னாது. வெயில் நாளில் ஓடுவது போலவே வேகம் ஏறும். உராய்வு குறைந்திருப்பது முதன்முதலாகத் தெரிய வருவது, முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு எரிந்து, கால் பிறேக்குக்குப் போன பிறகுதான். கார் திறமையாக வெளிக்கிட்டதாலேயே சாரதிக்கு வர வேண்டிய எச்சரிக்கை வராமல் போகிறது. பனிக்காலத்தில் 400 ஹைவேயில் பறி பக்கம் போனால் பள்ளத்தில் இறங்கி நிற்கும் வாகனங்களில் இந்தப் பெரிய எஸ்யூவிகளையும் காணலாம்.

சரி, ரயருக்கு வருவோம். குளிர்ந்த காலையில் ஓல் சீசன் ரயரின் மேல் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பலகை போல இருக்கும். பக்கத்தில் ஒரு வின்ரர் ரயர் இருந்தால் அதையும் அழுத்துங்கள். ரப்பர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ரப்பர் குளிரில் இறுகும் பொருள். சுமார் 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் பிடிமானம் குறையத் தொடங்குகிறது, பனியே இல்லாவிட்டாலும். வின்ரர் ரயரின் ரப்பர்க் கலவையில் சிலிக்காவும் பிற சேர்மானங்களும் வேறு விதமாகக் கலந்திருப்பதால் -20 பாகையிலும் அது மென்மையாக இருக்கும்.

இனி அதன் முகத்தைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். ரப்பர்க் கட்டை ஒவ்வொன்றிலும் சவர அலகால் கீறியது போல மெல்லிய, நெளிநெளியான வெட்டுகள் வரிசையாக இருக்கும். ரயர் தரையில் அழுந்தும்போது கட்டை வளைந்து அந்த வெட்டுகள் விரியும். நூற்றுக்கணக்கான ரப்பர் விளிம்புகள் பனியைக் கடிக்கும். ஐஸின் மேல் உள்ள ஈரப்படலத்தையும் அந்த வெட்டுகள் கொஞ்சம் உறிஞ்சும். இறைச்சிக்கூடத்தின் ஈரத் தரையில் சறுக்காமல் இருக்கச் சப்பாத்தின் அடியில் இப்படிக் கீறிக்கொண்ட ஜோன் சைப் என்ற அமெரிக்கருக்கு 1923இல் இதற்கான காப்புரிமை கிடைத்தது. ஆங்கிலத்தில் அந்த வெட்டுகளுக்கு இன்றும் அவர் பெயர்தான். கட்டைகளுக்கு நடுவே உள்ள அகன்ற பள்ளங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பனி அதற்குள் இறுகி அடைந்து, ரோட்டில் கிடக்கும் பனியோடு ஒட்டும். பனிக்குப் பனி நன்றாகவே பிடிக்கும். எனவே பள்ளத்தில் பனி அடைந்திருக்கிறதே என்று கவலைப்படத் தேவையில்லை. பின்லாந்தில் 1934இல் பார ஊர்திகளுக்கும் 1936இல் கார்களுக்கும் இப்படியான பனிக்கால ரயரைச் செய்த நிறுவனம், நோக்கியன் என்ற பெயரில் இன்றும் வின்ரர் ரயர் விற்கிறது.

ஐஸ் ஏன் வழுக்குகிறது என்பது விஞ்ஞானிகளை நெடுங்காலம் அலைக்கழித்த கேள்வி. மைக்கேல் ஃபரடே 1850இலேயே, உருகுநிலைக்குக் கீழேயும் ஐஸின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் இருக்கும் என்று சொன்னார். பின்னால் வந்த ஆய்வுகள் அந்தப் படலத்தின் இருப்பையும், உரசலால் வரும் சூட்டின் பங்கையும் காட்டின. சாரதிக்கு இதிலிருந்து தெரிய வேண்டியது ஒன்று: -20 பாகையில் உள்ள ஐஸைவிட 0 பாகைக்குக் கிட்ட உள்ள ஈர ஐஸ் அதிகம் வழுக்கும். ரொறன்ரோவின் பனிக்காலம் பூச்சியத்தை மேலும் கீழுமாகத் தாண்டிக்கொண்டே இருப்பது. பகலில் உருகி இரவில் உறையும். மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் பாலங்கள் மற்ற ரோட்டுக்கு முந்தியே உறைந்துவிடும். போடும் உப்பும் -10 பாகைக்குக் கீழே சோம்பிவிடும். -21க்குக் கீழே எதையும் உருக்காது.

வாங்கும்போது ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் இருக்கிறதா என்று பாருங்கள். 1999இல் வந்த குறி அது. வெறும் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்தை நம்ப வேண்டாம். அதற்குப் பின்னால் எந்தச் சோதனையும் இல்லை. மலைக் குறிக்கும் ஓர் எல்லை உண்டு. வட அமெரிக்காவில் அதற்கான சோதனை இறுகிய பனியில் இழுவையை அளப்பது. ஐஸில் எப்படி நிற்கும் என்று அது சொல்லாது. இன்று ஓல் வெதர் என்ற பெயரில், அதே மலைக் குறியோடு, ஆண்டு முழுவதும் போடக்கூடிய ரயர்கள் கிடைக்கின்றன. ரயர் மாற்றி வைக்க இடமில்லாத அடுக்குமாடிக் குடும்பங்களுக்கு அது நியாயமான தெரிவு. ஓல் சீசன், ஓல் வெதர் என்ற இரண்டு பெயர்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கியூபெக் மாகாணம் 2008 முதல் வின்ரர் ரயரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இப்போது டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. சட்டம் எந்தச் சில்லு இழுக்கிறது என்று கேட்பதில்லை. ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி முதல் வின்ரர் ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுத்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? ரொறன்ரோ, மார்க்கம், மிசிசாகா, பிரம்டன் என்று சமதரையில், உப்பும் போட்டு வழித்தும் விட்ட ரோட்டில் ஓடுபவர்களுக்கு முன்சில்லு இழுவையும் நல்ல வின்ரர் ரயரும் போதும் என்பது என் உறுதியான கருத்து. பல மொடல்களில் நாலுசில்லு இழுவைக்குக் கூடுதலாகக் கேட்கும் பணம், றிம்மோடு ஒரு செற் வின்ரர் ரயரின் விலையைவிட அதிகம். எரிபொருளும் கொஞ்சம் கூடச் செல்லும். ஒரு ரயர் வெடித்தாலும், புதிதாகப் போடுவது மற்ற மூன்றின் தேய்மானத்தோடு பொருந்தாவிட்டால் நாலையும் மாற்ற வேண்டி வரலாம். ஜோர்ஜியன் குடாவிலிருந்து பனிச்சூறை அடிக்கும் பறி, ஒரில்லியா பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கும், விடிய நாலு மணிக்கு, ரோட்டை வழிக்க முந்தியே வேலைக்கு வெளிக்கிடுபவர்களுக்கும், சரிவான டிறைவ்வே உள்ளவர்களுக்கும் நாலுசில்லு இழுவை காசுக்குப் பெறுமதியானது. அவர்களும் வின்ரர் ரயரோடுதான் ஓட வேண்டும். கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும் என்றால் ரயரை வாங்குங்கள்.

காசை மிச்சம் பிடிக்க முன்சில்லுகளுக்கு மட்டும் வின்ரர் ரயர் போடுவது, எதுவும் போடாமல் விடுவதைவிடச் சில வேளைகளில் ஆபத்தானது. முன்பக்கம் பிடித்து நிற்க, பின்பக்கம் வழுக்கிக் கார் சுழன்றுவிடும். போட்டால் நாலுக்கும் போட வேண்டும். குளிர் கூடக் கூட ரயரின் காற்றழுத்தம் இறங்கும் என்பதால் மாதம் ஒருமுறையாவது அளந்து காற்றடியுங்கள்.

நாலுசில்லு இழுவை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். கார் தானாகச் சொல்லாத செய்தியை நீங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும். பனி பெய்த காலையில் வீட்டுத் தெருவில், பின்னால் எவரும் வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, மணிக்கு 20 கிலோமீற்றரில் ஒருமுறை பிறேக்கை நன்றாக அழுத்துங்கள். கார் சட்டென்று நின்றால் நல்லது. மிதிப்பலகை காலுக்குக் கீழே டக்டக்கென்று அதிர்ந்து, கார் வழுக்கிக்கொண்டு போய் நின்றால், ஏபிஎஸ் வேலை செய்கிறது, ரோட்டில் பிடிமானம் இல்லை. அன்றைக்கு 401இல் முன்னால் போகும் காருக்கும் உங்களுக்கும் இடையில் வழமையாக விடும் இடைவெளி போதாது. இரண்டு மூன்று மடங்கு விடுங்கள்.